மழைச்சோறும் வான அப்பன்மாரும்

வானத்தை அப்பா என்று கூப்பிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கோவையில் ஒரு கல்லூரியில் பல நாட்டுத் தொன்மக் கதைகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்துகிறேன். வேதத்தில் தியௌஸ் பிதா, கிரேக்கத்தில் சீயஸ், ரோமில் ஜூபிடர். ஒரே வேரில் முளைத்த பெயர்கள், எல்லாரும் வான அப்பன்மார். கீழே பூமி அம்மா. மேலே இருப்பவர் மனம் வைத்தால் மழை, இல்லாவிட்டால் கெஞ்ச வேண்டியதுதான். இதை வருஷாவருஷம் சிரித்த முகமாக நடத்தியிருக்கிறேன். போன கோடைக்குப் பிறகு முடியவில்லை.

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் மழை பொய்த்தால் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒன்றாகக் கலந்து, பொட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாரடித்து அழுவார்கள். பிறகு, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று சொல்லி ஊர் எல்லை வரை நடப்பார்கள். அங்கே ஆண்கள் மறித்து, "மழை வருமுங்க, திரும்பி வாங்க" என்று அழைத்து வர வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

போன கோடையில் போர்வெல் வற்றி, தென்னையெல்லாம் மட்டை தொங்கிவிட்டது. அம்மா சோற்றுச் சட்டியோடு முன்னால் போனாள். லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நானும் பின்னால் நடந்தேன். எல்லையில் மற்ற ஆண்கள் எழுந்து வந்தார்கள். என் அப்பா வேப்பமர நிழலில் போட்ட சேரை விட்டு அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, நீங்களும் வந்து கூப்புடுங்க" என்றார்.

"இவ எங்க போயிருவா? சோறாக்கற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துருவா" என்று அப்பா சிரித்தார்.

அது அம்மா காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு வரும் சிரிப்பு அது. சட்டியைக் கீழே வைத்தாள். மற்ற பெண்கள் ஊருக்குள் திரும்ப, அவள் நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஒரே ஒரு "வா". அதைச் சொன்னால் அந்த மனுஷனின் கிரீடம் கழன்றா விழுந்துவிடும்?

அன்றிலிருந்து அம்மா கோவை கணபதியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு பேரையும் நான்தான் பிரித்துவிட்டேன் என்று சொந்தபந்தம் ஏசுகிறது. மாவோரி மக்களின் கதையில் வான அப்பனையும் பூமி அம்மாவையும் பிள்ளைகள்தான் தள்ளிப் பிரிக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். அவள் தன் காலால் நடந்து வந்தாள்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. அப்பா எனக்கு ஃபோன் செய்தார். "மழதான் வந்துருச்சே. உங்கம்மாளப் பஸ் ஏத்தி உடு கண்ணு." மூட்டையை அனுப்பச் சொல்வதுபோல. நான் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"மழையக் கூப்புட்டோம், வந்துருச்சுங்க" என்றாள். "என்னைய யாருங்க கூப்புட்டா?"