கழுநீரில் கரைத்த உரம்

பிற்பகல் இரண்டு மணி இருபது. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் முதலில் கண்ணில் பட்டது தரையில் கொட்டிக் கிடந்த யூரியா. எனக்கும் அக்காவுக்கும் முன்னால் போனவரின் அரிசிப் பையிலிருந்து சிப்பாய்கள் எடுத்துக் கொட்டியிருந்தார்கள். அவரை ஓரமாக முழங்காலில் இருத்தியிருந்தார்கள்.

அரசாங்கம் மானிய உரத்தைப் பட்டணத்தில் கொடுத்தது. வாவிக்கு மேற்கே, எங்கள் வயல்கள் இருந்த பக்கம், அதைக் கொண்டுபோக இராணுவம் விடவில்லை. யூரியாவில் குண்டு செய்யலாம் என்றார்கள். அக்காவுக்குக் கிடைத்த மூட்டைகள் பட்டணத்தில் சித்தி வீட்டில் இருந்தன. வட்டையில், எங்கள் வயல்வெளியில், பயிர் மஞ்சளடித்து நின்றது. அந்தக் கிழமை உரம் போடாவிட்டால் வீட்டுக்கு அந்த வருடத்து நெல் இல்லை.

அக்கா தினமும் காலையில் பட்டணத்துக்குப் பால் கொண்டுபோவாள். திரும்பும்போது சாப்பாட்டுக் கடைகளில் கழுநீர் வாங்கிப் பால்கேனில் நிரப்பி வருவாள், மாட்டுக்கு. அன்று அந்தக் கழுநீரில் யூரியாவைக் கரைத்திருந்தாள். யூரியா கரைந்தால் தண்ணீர் குளிர்ந்துவிடும். வெயிலில் கேன் வியர்த்துக்கொண்டிருந்தது.

சிப்பாய் கேனில் கை வைத்தான்.

"என்ன, ஐஸ் போட்டதா?"

"கிணத்தடி நிழல்ல வச்சிருந்த, மாத்தயா."

மூடியைத் திறந்து பார்த்தான். சோற்றுப் பருக்கைகள் மிதந்தன.

"உங்கட மாட்டுக்கு நல்ல சாப்பாடு. நமக்குப் பருப்பு மட்டும்."

"நாளைக்குப் பால் கொஞ்சம் கூடக் கொண்டு வாறன்."

அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். சாவடி மறைந்தது. அக்கா, "அம்மாட்ட ஒண்டும் சொல்லாத" என்றாள்.

அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான். ஒன்றும் தெரியாதவரைப் பிடித்து அடித்தாலும் அவரிடம் சொல்ல ஒன்றும் இராது. யார் எங்கே போனார், எதைக் கொண்டுவந்தார் என்பதைச் சொந்த வீட்டுக்குள்ளும் சொல்லமாட்டோம்.

அக்கா கேனை மாட்டுக்கொட்டிலின் பின்னால், வைக்கோலுக்குள் வைத்தாள். உரம் கலந்த தண்ணீர் வயலை விட்டு ஓடாதிருக்க வரம்பு வாய்களை அடைக்க வேண்டும். மண்வெட்டியோடு வட்டைக்குப் போனாள். நான் கிணற்றடிக்குப் போனேன்.

மாடு கத்தியது. அது கழுநீருக்குக் கத்தும் நேரம். அம்மா கேனைத் தேடி எடுத்து, வழக்கம்போலத் தொட்டியில் ஊற்றினார்.

நான் திரும்பி வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. சற்று நேரத்தில் மாட்டுக்குக் கால்கள் நடுங்கின. வாயில் நுரை வந்தது. அம்மா புளிக்கரைசலைப் போத்தலில் பருக்கினார். வயிறு ஊதி, அது பக்கவாட்டில் விழுந்தது. அக்கா வந்தபோது அம்மா அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள கொண்டு வந்த நீ?"

அக்கா சொன்னாள்.

"என்னட்டயும் சொல்லாமலா?"

அக்கா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதோடே நின்றாள்.

பொழுதுபடுவதற்குள் மாடு செத்தது. இறைச்சிக்கு ஆகாது என்பதால் புதைத்தோம். விற்கப் பால் இல்லாத அக்காவுக்குப் பட்டணத்துக்குப் போகவோ, கழுநீரோடு திரும்பவோ காரணம் இல்லை. சித்தி வீட்டு யூரியா மாரி ஈரத்தில் கல்லாக இறுகியது. பயிர் மஞ்சளாகவே குட்டைக் கதிர் தள்ளியது.

தாய் இல்லாத கன்றுக்குட்டியை ஏறாவூர் வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.