கண்ணுக்கு முன்னால் போன கை

காரைக்காலில் எனக்கென்று ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. தருமபுரத்து வீட்டின் மாடி அறைதான். பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கிய கருவிகளை அங்கே பரப்பிக்கொண்டு, தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைப்பேன். திரையில் ஒரு புள்ளி இடமும் வலமுமாக ஆடும். அது போகும் பக்கமெல்லாம் அவர்கள் ஜாய்ஸ்டிக் என்ற கைப்பிடியைச் சாய்க்க வேண்டும். கண் போகும் இடத்தைக் கேமரா ஒரு கணினியில் பதியும். ஜாய்ஸ்டிக் பிடித்த கையின் அசைவு இன்னொன்றில் பதியும். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒன்றையொன்று மதிக்காது. அதனால் தொடக்கத்தில் ஒரு பீப் ஒலி. அதை இரண்டிலும் தேடிப்பிடித்து இரண்டு கோடுகளையும் நேர்ப்படுத்த வேண்டும். கண் முன்னே போகும், கை சற்றுப் பின்னே வரும். எல்லாருக்கும் அப்படித்தான்.

தெருக்கோடி வீட்டு அண்ணனுக்கு மட்டும் கை முன்னே போனது.

அவர் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். நான் முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதில் ஏதாவது குளறுபடியா? பீப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. கையின் கோடு கண்ணின் கோட்டைவிட அரை ஆட்டம், அதாவது புள்ளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் நேரம், முந்தி நின்றது. அலை வருமுன்னே அறிந்துகொள்ளும்படி கடல் பழக்கிய கையோ? எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசுக்குள் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். அவசரக்குடுக்கை நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"அண்ணே, ஒங்க கண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே கை போயிடுதுண்ணே!" என்று அவரைத் தெருவில் நிறுத்திச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் மனைவி மாடியேறி வந்தார். "என்னம்மா சொன்னே அவருகிட்ட? கடலுக்கே போக மாட்டேங்குறாரு. போன மாசம் முகத்துவாரத்துக் கல்லுல படகு ஒரசுனதுலேருந்தே கண்ணு சரியில்லையோன்னு அவருக்குப் பயம். நீ வேற மிஷின்ல பாத்துச் சொல்லிட்டே!"

அப்படியே ஓடினேன். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாமல், படகு எப்படி உரசியது என்று கேட்டுவைத்தேன்.

"கல்லு எடப்பக்கம் வந்துச்சு. சட்டுனு வலப்பக்கம் திருப்புனேன். அலை தூக்கி அடிச்சிடுச்சு."

சொல்லும்போதே அவர் கை எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தாற்போல ஒரு தள்ளு தள்ளியது. இடப்பக்கமாக.

"அண்ணே, இன்னொரு தடவை வலப்பக்கம் திருப்புங்க."

மறுபடியும் கை இடப்பக்கம்தான் போனது.

"ஏண்ணே இந்தப் பக்கம் போவுது?"

"கைப்பிடிய இங்க தள்ளுனாத்தானே படகு அங்க திரும்பும்?" என்றார் எரிச்சலாக.

அட! 'புள்ளி போற பக்கம் திருப்புங்க' என்றுதானே அன்று நான் சொல்லியிருந்தேன்? மனிதர் படகைத் திருப்பியிருக்கிறார். புள்ளி வலம் போனபோதெல்லாம் ஜாய்ஸ்டிக்கை இடம் தள்ளியிருக்கிறார். இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும் புள்ளிக்கு, வலத்துக்கு இடமாகத் தலைகீழாகப் பதிந்த கோடும் அரை ஆட்டம் முந்திய கோடும் பார்வைக்கு ஒன்றுதான்.

அவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் கண்முன்னாலேயே கைக்கோட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கண் முன்னே, கை பின்னே. என் மகத்தான கண்டுபிடிப்பு போயே போச்சு. என் சொந்தப் பதிவை எடுத்து அதற்குக் கீழே வைத்துக் காட்டினேன்.

"மேல இருக்குறது ஒங்களுது. கீழ என்னுது."

அவர் திரைக்கருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதாண்ணே. எல்லாருக்கும் இப்படித்தான்."

"எல்லாரையும் போலத்தானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். சட்டை நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு, படியிறங்கும்போதே கூட்டாளிக்குப் போன் போட்டு, "படகுக்கு டீசல் ஊத்தி வைடா, வரேன்" என்றார்.