ஒரு பிரசவத்துக்கு மூன்று பைகள்

இன்று காலை, பிரசவ அறை வாசலில்...

"அண்ணை, பை எங்கை?" என்று தாதி மிஸ்ஸி கேட்டார்.

"எந்தப் பை மிஸ்ஸி?" என்றேன் நான்.

வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று, நெஞ்சோடு அணைத்தபடி ஒன்று!

மிஸ்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணை, மூண்டு பிள்ளையோ?"

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். (மனைவி தர்ஷியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

நான் கொடிகாமத்தில் ஓட்டோ ஓடுபவன் என்பது உங்களுக்குத் தெரியும். இது எங்களுக்கு முதல் பிள்ளை இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

மூத்தவன் வயிற்றில் இருக்கும்போதே, ஏழாம் மாதத்தில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கென்று தர்ஷி ஆசை ஆசையாக அடுக்கிய நீலப் பை, திறக்காமலே எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. அலுமாரிக்கு மேலே ஏறியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் அவனைப் பற்றி யாரும் கதைத்ததில்லை.

இந்த முறை கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா காணும்போதெல்லாம் கேட்டார். "பை அடுக்கியாச்சோ பிள்ளை?"

தர்ஷி நிலத்தைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறந்தால், "இஞ்சரப்பா, அந்தக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ" என்பாள்.

என் அம்மாவோ இன்னொரு பக்கம். "பிள்ளை பிறக்க முன்னம் ஒண்டும் புதுசா வாங்கப்படாது, சொல்லிப்போட்டன். வேற பிள்ளை போட்ட பழஞ்சட்டைதான் முதல் போடவேணும்."

(எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் என்று கேட்டால் பேச்சு எனக்குத்தான் விழும்.)

ஒருத்தி பயப்படுகிறாள், மற்றவர் விடமாட்டார். நான் என்ன செய்வது? களவாக ஒரு பை அடுக்கினேன்! நப்கின், துவாய், பிள்ளைச் சவுக்காரம். ஓட்டோவில் பின் சீட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.

சந்தையில் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறிய ஒரு அக்கா, கட்டை வைக்க இடம் தேடிப் பையைத் திறந்தே பார்த்துவிட்டார்.

"தம்பி, உதென்ன நப்கின்?"

"அது... ஓட்டோ துடைக்க அக்கா."

"ஓமோம். பிள்ளைச் சவுக்காரமும் ஓட்டோவுக்கோ?"

இறங்கும்போது சீட்டில் நாலைந்து முருங்கைக்காயை வைத்தார். "பிள்ளைத்தாச்சிக்குக் குடு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இன்று விடிய, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து தர்ஷியின் குரல்.

"இஞ்சரப்பா! ஓட்டோவை எடுங்கோ!"

ஓடினேன். ஓட்டோவுக்குள்ளிருந்து என் பையை இழுத்துக்கொண்டு திரும்பினால்...

சாமியறைக்குள்ளிருந்து அம்மாவும் ஒரு பையோடு ஓடி வருகிறார்!

"அம்மா, உதை எப்பவணை அடுக்கினது?"

"நீ எப்பவடா அடுக்கினனி?"

"அவள் பயந்திடுவாளெண்டு..." இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

அம்மாவின் பைக்குள் ஃபிளாஸ்க், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், இணுவிலில் இருக்கும் என் அக்காவின் மகன் போட்ட பழஞ்சட்டை. அதோடு பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள்! (ஆஸ்பத்திரியில் அடுப்பு மூட்டும் யோசனை போல.)

அப்போது தர்ஷி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

கையில் அந்த நீலப் பை.

பை திறந்திருந்தது. மேலே ஒரு சின்ன மஞ்சள் சட்டை. மூத்தவனுக்கென்று அவள் தன் கையால் தைத்தது.

அம்மா அதைக் கண்டுவிட்டார். அந்தச் சட்டையை எந்தப் பிள்ளையும் போட்டதில்லை. போட வேண்டியவன் இல்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது இதை ஏன் எடுத்தாய் என்று அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், தர்ஷி உடைந்துபோவாள்.

"மாமி, இது புதுசில்லை" என்றாள் தர்ஷி. அழுகையும் வலியும் ஒன்றாக வந்தன. "உடுப்புத் தோய்க்கிற நேரமெல்லாம் இதையும் தோய்ச்சனான். சீலைக்குள்ளை மறைச்சுக் காயப்போட்டனான். பழசாக்கிப்போட்டன் மாமி. இதைப் போடலாமோ?"

இத்தனை காலமும் அதே கொடியில்தான் என் சேர்ட்டும் காய்ந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

அம்மா சட்டையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்த அக்கா மகனின் சட்டையை எடுத்து என் கையில் தந்தார்.

"இதைக் கொண்டுபோய் உள்ளை வை. தமையன்ரை சட்டை இருக்கேக்கை எங்களுக்கு இன்னொருத்தற்றை சட்டை என்னத்துக்கு?"

தமையன்!

எங்கள் வீட்டில் என் மகனுக்கு இன்றுதான் ஒரு உறவுமுறை கிடைத்தது. தர்ஷி மாமியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். நான் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"இஞ்சரப்பா, பிறகு அழலாம்! ஓட்டோவை எடுங்கோ!"

சாவகச்சேரி தாண்டும் வரை ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. பைகளைப் பிரித்து அடுக்க யாருக்கு நேரம்? மூன்றும் ஏறின.

மத்தியானம் கதவு திறந்தது. அதே மிஸ்ஸி. கையில் எங்கள் மகள்! நிறம் மங்கிய மஞ்சள் சட்டைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"மூண்டு பையிலையும் தேடினன் அண்ணை, புதுச்சட்டை ஒண்டுகூட இல்லை. பழசுதான் போட்டிருக்கிறன்."

"அது தமையன்ரை, மிஸ்ஸி."

நான்தான் சொன்னேன்.

மிஸ்ஸி என்னை ஒரு கணம் பார்த்தார். மகளின் கழுத்தடியில் சட்டையைச் சரி செய்தார்.

"தங்கச்சிக்கு அளவாத்தான் இருக்கு, அண்ணை."