போயிட்டு

மாமல்லபுரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஆபிரகாமுக்கு வைரஸைவிட உப்புக்காற்றுதான் அதிகம் சோறு போட்டது. கடலோரத்தில் எந்தப் பெட்டியும் நாலைந்து வருடம் தாண்டாது, உள்ளே துரு பூத்துவிடும். ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தால் அதைக் கழற்றி, விண்டோஸோடு அப்படியே புதுப் பெட்டியில் மாட்டிவிடுவான். அதற்கு அவன் வைத்த பெயர் "உசுரு மாத்துறது". பீற்றல் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனால் கைவேலை சுத்தம்.

2004இல் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஞானம்மாள் கூப்பிட்டனுப்பினாள். கணவர் சதாசிவம் இறந்து மூன்று வருடம். அவருடைய கம்ப்யூட்டர் இப்போது சாகக் கிடந்தது.

"ஆன் பண்ணா அவர் குரல் வரும் தம்பி. ஆஃப் பண்ணாலும் வரும். அவரே மைக்குல பேசி வச்சது. ஒரு எழுத்து குறையாம அது எனக்கு வேணும்."

"அதுக்கு இன்னாக்கா, எல்லாம் டிஸ்க்குலதான் கீது. உசுர அப்டியே மாத்திக் குடுத்துர்றேன்."

மத்தியான வெயிலில் வேலை நடந்தது. மாட்டி முடித்ததும் புதுப் பெட்டி ஊமையாக நின்றது. ஞானம்மாள் முகம் வெளுத்துப்போய், பார்க்கப் பொறுக்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆபிரகாம் சவுண்டு டிரைவர் மென்பொருளை ஏற்றி மறுபடி ஆன் செய்தான்.

"ஞானம், வந்துட்டேன்."

"வாங்க," என்றாள் உள்ளிருந்து, வெகு சாதாரணமாக. தட்டு எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டது.

ஆபிரகாம் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ வீடு ஏறி இறங்கியவன், பட்டப்பகலில் இப்படிப் பயந்ததில்லை. முடித்துக்கொண்டு ஓடினால் போதும் என்று ஷட் டவுன் கொடுத்தான்.

"போயிட்டு…"

திரை பொசுக்கென்று இருண்டது. பழைய பெட்டியைப் பேச்சு முடிந்தபின் கையால் அணைக்க வேண்டும். இது தானே அணைகிற ரகம், அவர் சொல்லி முடிக்கக் காத்திருக்கவில்லை. மறுபடி செய்து பார்த்தான். 'வரேன்' வரவே இல்லை.

ஞானம்மாள் வந்து நின்றிருந்தாள். கையில் காபி டம்ளர்.

"ஒரு செட்டிங்குதான்க்கா, மாத்துனா சரியாப்பூடும்."

"அன்னைக்கும் இப்படித்தான் தம்பி. ஆபீஸ் பஸ் ஹாரன் அடிச்சுது. 'போயிட்டு'ன்னதோட ஓடிட்டார். 'வரேன்' சொல்லல. வரவும் இல்ல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. இந்தப் பெட்டிக்கு யார் சொன்னா?"

கரண்ட் சீக்கிரம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பதில் அவனுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கேட்டது வேறு.

"மாத்தட்டாக்கா?"

"வேணாம். பழைய பெட்டிதான் இத்தனை நாளா பொய் சொல்லிச்சு."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டும்போது, எந்த வீட்டிலும் சொல்கிற வார்த்தை தானாக வாயில் வந்தது.

"போயிட்டு…" என்றவன், பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை உணர்ந்தான்.

"வரேன்க்கா," என்று முடித்தான்.

"வா," என்றாள் ஞானம்மாள்.