சேவலைத்தான் எடுக்கச் சொன்னேன்

நீ என் அண்ணனின் குரலைத் திருடினாய். அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் வாயில் திணித்தாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வாசிக்கிறவர்களுக்கு உன்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில், ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற ஆலையில் என்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரன் நீ. உன் ஊர்க் கூட்டாளிகள் சிலரோடு சேர்ந்து இசைக்குழு நடத்துகிறாய். நீதான் பாடகன். உங்கள் முதல் இசைத்தொகுப்பு இந்த வருடம்தான் வெளிவந்தது. அதன் அட்டையில் பூட்டிக் கிடக்கும் ஓர் ஆலைக் கதவு, கதவில் கட்டிய சிவப்புத் துணி. பாட்டுகள் முழுக்க வேலைநிறுத்தம், ஊர்வலம், சதுக்கத்தில் கூடிய சனம். எல்லாம் நீ பிறக்கும் முன்பே முடிந்துபோன கதைகள். ஈர விரிப்புகளை உருளைக்குள் தள்ளிக்கொண்டே, "அந்தக் காலத்தில சனம் எதையோ நம்பிச்சுது" என்று பெருமூச்சு விடுவாய்.

எங்கள் இடைவேளையை முதலாளி குறைத்தபோது, தொழிற்சங்கப் பிரதிநிதி வேலை முடிந்து கூட்டத்துக்கு வரச் சொன்னார். பிலிப்பைன்ஸ்காரிகள் வந்தார்கள், சோமாலியாக்காரர் வந்தார், முழங்கால் நோவோடு நானும் போனேன். நீ சைக்கிளில் ஏறினாய். "பாட்டுப் பயிற்சி இருக்கு" என்றாய். அது வேலைநிறுத்தப் பாட்டாகத்தான் இருந்திருக்கும்.

இருந்தாலும் உன்னை எனக்குப் பிடித்திருந்தது. நாம் இருவரும் கதைப்பது உடைந்த டேனிஷ்தான். ஆனால் நான் சொல்வதை நீ காது கொடுத்துக் கேட்டாய். என் மகள்கூட அவ்வளவு கேட்டதில்லை. அதனால்தான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர், சங்கத்துக்காரர், மே தினத்தில் சிவப்புச் சட்டை போட்டு முன்வரிசையில் நடந்தவர். உன் கண் பளபளத்தது. அவர் தன் குரலைப் பதிந்து அனுப்பிய ஒரு கசெற் இன்னும் என்னிடம் இருக்கிறது என்றேன். பழைய கருவிகள் தன்னிடம் உண்டு, அதைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்றாய். கொண்டுவந்து தந்தேன்.

கசெற் என்றால் எங்களுக்கு என்னவென்று உனக்கு அன்றே சொன்னேன். இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஊருக்குத் தொலைபேசி கிடையாது. வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து ஆளுக்கு ஆள் பேசிப் பதிந்து, கொழும்பு வழியாக வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். இங்கே ஓர் அறையில் எங்கள் ஊர்ப் பெடியள் எல்லோரும் கூடி இருந்து கேட்போம். கேட்டு முடிந்ததும் அதே கசெற்றில், அந்தக் குரல்களுக்கு மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அதுதான் வழக்கம். அம்மாவின் குரலை அப்படித்தான் அழித்தோம், ஐயாவின் குரலையும் அப்படித்தான். அண்ணனின் இந்தக் கசெற் மட்டும் மிஞ்சியது. நான் பதில் பதிய முன்பே, கடைக்குப் போன அவர் திரும்பி வரவில்லை என்று செய்தி வந்துவிட்டது. இராணுவம் பிடித்ததா, துவக்கு வைத்திருந்த எங்கள் ஆட்கள் பிடித்தார்களா, இன்றுவரை தெரியாது.

கசெற்றைத் திருப்பித் தந்த அன்று நீ கேட்டாய்: "இதில ஒரு சேவல் கூவுது. அந்தச் சத்தத்தை எங்கட பாட்டில போடட்டோ?"

"சேவல்தானே, எடு" என்றேன்.

சேவலைத்தான் எடுக்கச் சொன்னேன்.

இசைத்தொகுப்பை வெளியிடும் நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டாய். உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்றாய். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மண்டபம். மகளையும் கூட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டு வந்தேன். கடைசிப் பாட்டில் மேளம் அடித்தது. சேவல் கூவியது. பிறகு அண்ணன் இருமினார்.

"தம்பி, சங்கத்துக் கொடியை நேற்று அடுப்பில வைச்சிட்டன். வீட்டில இருந்தா வாறவன் போறவன் எல்லாம் கேள்வி கேப்பான். உன்ர அண்ணி அந்த நெருப்பிலதான் உலை வைச்சவ. இனி எனக்கு இந்த அரசியல் வேண்டாம். ஆரும் என்னைப் பற்றிக் கேட்டா, அவன் அப்பவே விட்டிட்டான் எண்டு சொல்லு. மறந்திடாதை."

இந்த வார்த்தைகளுக்குக் கீழே நீ மேளம் அடித்தாய். இந்த வார்த்தைகளுக்குப் பின்னால், கொடிகள் திரும்பி வரும் என்று உன் மொழியில் பாடினாய். அண்ணன் "எண்டு சொல்லு" என்ற இடத்தை வெட்டி வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டாய், கோஷம் மாதிரி. சனம் முஷ்டியை உயர்த்தியது.

மகள் டேனிஷில்தான் கேட்டாள்: "அப்பா, அவர் கொடியை எரிச்சதெண்டெல்லோ சொல்லுறார்?"

நான் கையை உயர்த்தி, "நிப்பாட்டடா!" என்று கத்தினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற தாடிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்து, தானும் கையை உயர்த்திக் கத்தினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள். நான் எவ்வளவுக்குக் கத்தினேனோ அவ்வளவுக்கு அவர்களும் கத்தினார்கள். நீ மேடையில் இருந்து என்னைக் கண்டு நெஞ்சில் கை வைத்தாய்.

நிகழ்ச்சி முடிந்து உன்னைப் பிடித்து, அவர் என்ன சொல்கிறார் தெரியுமா என்று கேட்டேன்.

"வார்த்தை முக்கியமில்லை, அந்த உணர்வு இருக்கே, அது எல்லாருக்கும் விளங்கும்" என்றாய்.

"என்ன உணர்வு?"

"போராட்டம்."

"அது பயம். அந்த மனிசன் பயத்தில நடுங்கிக்கொண்டு கதைக்கிறார்."

"சேவலை எடுக்கச் சொன்னது நீங்கள்தானே" என்றாய். உன் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பின்னாளில் பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்து பிரெடெரிசியா நகரில் இருக்கிற அண்ணிக்கு நான் சொல்லாமல் விட்டிருப்பேன். அதற்கு முன்பே அங்கே யாரோ ஒரு பெருமைக்காரர், 'இத்தாலிப் பாட்டில் எங்கள் தமிழ்' என்று போட்டு அந்தப் பாட்டை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு அனுப்பினாரோ, கேட்காமல் அனுப்பினாரோ. அண்ணி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மேளம் ஏன் அடிக்கினம்?" என்று கேட்டார்.

"பாட்டுக்கு, அண்ணி."

"செத்த வீட்டுக்கும் அடிக்கிறதுதானே. அவருக்கு ஆர் அடிச்சது? உடம்பே கிடைக்கேல்லை." பிறகு சொன்னார்: "உலை வைச்சது நான். அந்தச் சோத்தைத் திண்டது நானும் பிள்ளையும். என்னை ஒருதரும் கேக்கேல்லையே. கசெற் உம்மட்டைத்தானே இருந்தது?"

என்னிடம்தான் இருந்தது.

அண்ணன் கடைசியாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்டால், அவன் விட்டுவிட்டான் என்று சொல்லு. இத்தனை வருடமாக அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்ல வேண்டி வரவில்லை. இப்போது உன் இசைத்தொகுப்பின் உள் அட்டையில் 'இலங்கையிலிருந்து ஒரு தோழரின் குரல்' என்று அச்சடித்திருக்கிறாய். எந்தக் கொடியோடு சேர்த்துத் தன்னைப் பேச வேண்டாம் என்று அவர் கெஞ்சினாரோ, அந்தக் கொடியை அவர் கையில் கொடுத்து நிரந்தரமாக நிற்க வைத்துவிட்டாய். உனக்கு அது ஏக்கம். ஒரு கொடியால் எந்த ஆபத்தும் வராத இடத்தில் இருந்துகொண்டுதான் அப்படி ஏங்க முடியும்.

உடுப்பு மாற்றும் அறையில் நீ என்னிடம் வந்து, "மன்னிக்க வேணும், அடுத்த பதிப்பில பார்ப்பம்" என்றாய். அந்த மூலையில் வைத்துச் சொல்லும் மன்னிப்பு எனக்கு வேண்டாம். என் குரலையும் அல்லவா அந்த மண்டபத்தில் கோஷமாக்கிவிட்டாய்.

இதை மகள் டேனிஷில் எழுதி, நீங்கள் பாட்டுப் போடுகிற அதே பக்கத்தில் போடுவாள். அதனால் விளங்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. அடுத்து ஓகூஸில் பாடும்போது அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருப்பேன். அந்தப் பாட்டு வரும் முன்பு மேளத்தை நிறுத்து. ஒலிவாங்கியைப் பிடித்து, டேனிஷிலும் உன் மொழியிலும், அந்த மனிதர் கொடியை எரித்தவர், அவர் விட்டுவிட்டார் என்று சொல். சொல்ல முடியாதென்றால், ஏன் முடியாது என்பதை அதே மேடையில், அண்ணியின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்.