செடி கேட்கிறது

என் அண்ணிக்கு வேலை செய்த இடத்தில் வைத்த பெயர் ரேடியோ. காலை எட்டரைக்கு வாசலில் கையெழுத்துப் போடும்போது தொடங்கும் பேச்சு, சாயங்காலம் பஸ் ஏறும்போதும் முடிந்திருக்காது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனவர்கள் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் என் அண்ணியோடு ஒரு மணி நேரம் பஸ்ஸில் போயிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பார்.

எனக்கும் அந்தப் பேச்சு எரிச்சல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அண்ணி, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று நான் சொல்லாத நாளே கிடையாது. ஒரே இடத்தில்தான் வேலை, ஒரே வீட்டில்தான் குடியிருப்பு. தப்பிக்க வழியில்லை.

அந்த வீட்டில் அண்ணியின் பேச்சு இல்லாமல் முடியாத ஒருவன் இருந்தான், என் அண்ணன். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன். சர்க்கரை வியாதி நாலு வருடத்தில் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம். கதவுக்குப் பின்னால் சாத்தியது சாத்தியபடியே நின்றது. அண்ணியின் குரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடப்பான்.

"இப்படி வாங்க, இன்னும் ரெண்டு அடி. நாற்காலிய எவனோ நடுவுல போட்டிருக்கான். எவனோ என்ன, நான்தான். இடது பக்கமா வாங்க. இன்னிக்கு நீலச் சட்டை. வெளியில மேகம் மூடிக்கிட்டிருக்கு, ஆனா பெய்யாது. உங்க தங்கச்சி மூஞ்சி மாதிரி."

இப்படித்தான் அவனுக்கு உலகம் தெரிந்தது. பத்திரிகையும் அண்ணிதான் வாசிப்பார், பாதி சொந்தச் சரக்கு சேர்த்து. அண்ணன் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அவ பேசிட்டே இருந்தா எனக்குக் கண்ணு போனதே மறந்துடுது. தூங்கும்போது கூட அவ முணுமுணுப்பா, நான் நிம்மதியா படுத்திருப்பேன்."

நானும் அண்ணியும் வேலை பார்த்தது ஒரு விதை நிறுவனத்தில். லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பின்னால் நீளக் கட்டடம், அதன் முதுகில் நான்கு கண்ணாடி அறைகள். நான் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவள். அண்ணி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்கேலால் உயரம் அளந்து, நோட்டில் எழுதுபவர். வேலைக்குச் சிபாரிசு செய்தது நான்தான்.

அந்த வருடம் ஒரு ஆராய்ச்சி மேடம் வந்தார். சத்தம் கேட்டுச் செடி வளருமா, அசையுமா என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்காக வரவழைத்தது தொழுகண்ணிச் செடி. ஒரு பெரிய இலை, அதன் அடியில் இரண்டு பக்கமும் விரல் நகம் அளவுக்குச் சின்ன இலைகள். வெயில் சூடு ஏறினால் அந்தச் சின்ன இலைகள் தாமாகவே மேலும் கீழும் ஆடும். இரண்டும் சேரும்போது கை கூப்புவது போலிருக்கும், அதனால் அந்தப் பெயர். சத்தம் கேட்டால் இன்னும் வேகமாக ஆடும் என்று ஒரு பேச்சு உண்டு. முதல் அறையில் சத்தமே கிடையாது. இரண்டாவதில் ஸ்பீக்கரில் வயலின். மூன்றாவதில் மோட்டார் இரைச்சல். நான்காவதில் ஒரு பெண் கதை வாசிக்கும் பதிவு. மண், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் நான்குக்கும் ஒன்றே.

மூன்று வாரத்தில் வயலின் அறைச் செடிகள் அரை விரல் கூடுதலாக வளர்ந்தன. நான்காவது அறையில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண் என்ன உருக்கமாக வாசித்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒருநாள் காலை மேடம் ஸ்பீக்கரைப் போடுவதற்கு முன்பே அண்ணி நான்காவது அறைக்குள் போய்விட்டார். ஒரு கையில் ஸ்கேல், மறு கையில் தண்ணீர்க் குவளை, வாயில் பேச்சு. கண்ணாடி வழியே பார்த்த மேடம் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். நாற்பது தொட்டிகளிலும் சின்ன இலைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. வெயில் இன்னும் அறைக்குள் வரவே இல்லை.

"அக்கா, என்ன பேசினீங்க?" என்றார் மேடம்.

"கண்டக்டரத் திட்டிக்கிட்டிருந்தேன் மேடம். செடிய ஒண்ணும் சொல்லல."

மறுநாள் முதல் அந்த அறையில் ஸ்பீக்கர் கிடையாது. நடுவில் ஒரு முக்காலி போட்டு, தினமும் அரை மணி நேரம் அண்ணி பேச வேண்டும், என்ன வேண்டுமானாலும். பத்து நாளில் அந்தச் செடிகள் மற்றவற்றைவிட நாலு விரல் உயர்ந்தன. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எல்லாரும் வாய மூடு, வாய மூடுன்னீங்களே. இதுங்கதான் காது குடுத்துக் கேக்குதுங்க" என்று பஸ்ஸில் என் விலாவில் இடித்தார்.

அளவு நோட்டில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அண்ணி முதல் நாள் எழுதியது: 'செடி கேட்கிறது.' என் கணினியில் அதற்கு நேராக ஒரே கேள்விதான்: 'ஒலிக்கு அசைவு: உண்டு / இல்லை.' உண்டு என்று தட்டினேன். அடுத்த வாரம் 'இன்னும் கேட்கிறது' என்று இருந்தது. உண்டு. 'நிறையக் கேட்கிறது.' உண்டு. 'விடாமல் கேட்கிறது.' உண்டு, உண்டு. அதே கட்டடத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் அண்ணியிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் பேசுவாரே என்ற பயம்.

என் 'உண்டு'களைப் பார்த்து மேடம் அரை மணியை ஒரு மணியாக்கினார். பிறகு மூன்று மணி.

ஐந்தாவது மாதம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க அந்த அறைக்குள் போனேன். வெயில் ஒரு பக்கம் இருக்க, செடிகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டி முக்காலியை நோக்கிச் சாய்ந்திருந்தன. முன்வரிசைச் செடிகளின் நுனிகள் அண்ணியின் கழுத்து உயரத்தில் வளைந்து நின்றன. அண்ணி தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தினார். எல்லாச் சின்ன இலைகளும் ஒரே நேரத்தில் நின்றன. குவளையை வைத்துவிட்டு அவர் மூச்சை இழுத்தார். ஒரு சொல் வெளியே வருவதற்கு முன்னால் எல்லாம் ஆடத் தொடங்கின.

"அண்ணி, எனக்கு இது பிடிக்கல. வாங்க வெளியில."

"உனக்கு நான் பேசினாலே பிடிக்காதே" என்று சிரித்தார். குரல் கரகரத்தது.

அந்த மாதம் முழுவதும் வெந்நீரும் தொண்டை மாத்திரையுமாக இருந்தார். வீட்டில் பேச்சு குறைந்தது. "என்ன, இன்னிக்கும் கம்மியா பேசுற?" என்று அண்ணன் இரண்டு மூன்று தடவை சொன்னான். "நாளைக்குச் செடிங்களுக்கு வேணுமேங்க" என்றார் அண்ணி. நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஏழாவது மாதம் நோட்டில் ஒரு வரி: 'பேசாவிட்டாலும் கேட்கிறது.' படித்துவிட்டுச் சிரித்தேன். பேசாமல் எப்படிக் கேட்கும்? கைதவறி எழுதிவிட்டார் என்று 'பேசும்போது கேட்கிறது' எனத் திருத்தி ஏற்றினேன். நான்கு வருட வேலையில் நான் சொந்த புத்தியால் செய்த ஒரே திருத்தம் அதுதான்.

மறு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது அண்ணி வாயைத் திறந்தார். சூடாக இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பார். வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் அப்படியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லம்மா. கட்டி இல்ல, புண் இல்ல. எல்லாம் சுத்தமா இருக்கு. ஏன் சத்தம் வரலன்னு எனக்கே புரியல" என்றார். இரண்டாவது டாக்டரும் அதையே சொன்னார்.

அண்ணன் இரண்டாம் தடவை குருடானான். வேறு எப்படிச் சொல்ல? கூடத்தின் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். "எங்க இருக்க? ஏய், எங்க இருக்க?" அண்ணி கை தட்டுவார். ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் உடம்பு தூக்கிப்போடும். முழங்காலெல்லாம் காயம். என்னைப் பேசச் சொன்னான். எனக்குத்தான் பேசத் தெரியாதே. "வலது பக்கம், வலது பக்கம்" என்பதற்கு மேல் வரவில்லை. மேடம் பதிவு செய்து வைத்திருந்த அண்ணியின் பேச்சை போனில் வாங்கி வந்து போட்டேன். ஒரு நிமிடம் கேட்டான்.

"அவள மாதிரி யாரோ பேசுறாங்க. நிறுத்து" என்றான்.

நான்காவது அறையின் பழைய ஸ்பீக்கரில் வந்த குரலுக்குச் செடிகளும் அசையாமல் இருந்தது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பேச ஆளில்லாததால் சோதனையை முடித்துவிட்டார்கள். நான்காவது அறையில் இருந்ததிலேயே உயரமான செடியை மேடம் என்னிடம் கொடுத்து, "அக்கா வளர்த்த செடி. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு இலை அசையவில்லை, அந்தக் குலுக்கலிலும். கண்டக்டரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். சின்ன இலைகள் இரண்டு தடவை கை கூப்பின. பிறகு நின்றன.

அண்ணி தொட்டியைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றார். செடியைப் பார்த்த ஏக்கம் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு, கூடத்து ஜன்னலில் வைத்தேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"உங்க அண்ணிக்குக் குரல் வந்துடுச்சு" என்றான்.

அண்ணியைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். அண்ணி சமையலறை வாசலில் நின்று, இல்லை என்று தலையை ஆட்டினார்.

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கா. மெதுவாத்தான் பேசுறா, ஆனா அவதான். இப்போ கூட கண்டக்டரத் திட்டுறா, கேக்கலையா உனக்கு?" அவன் காதைத் தொட்டியின் பக்கம் சாய்த்துச் சிரித்தான். வீடு அமைதியாக இருந்தது. சின்ன இலைகள் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

எழுந்து, நாற்காலியைச் சுற்றி, வாசற்படி வரை போய்த் திரும்பி வந்தான். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. அண்ணி அருகில் போய் அவன் கையைப் பிடித்தார். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"யாரு?" என்றான்.

இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். அண்ணி அழுதபோதும் சத்தம் வரவில்லை.

அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போய், பென்சிலும் தாளும் கொடுத்தேன். "அண்ணி, நீங்க பேசினது செடிக்குக் கேட்டுச்சுன்னுதானே அத்தன நாளும் எழுதினீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எழுதினார்: 'முதல் நாள் எழுதியதுதான் காதால் கேட்டது. அப்புறம் எழுதியது அது இல்லை. வேண்டும் என்று கேட்டது. குரலைக் கேட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை. நீ மேடத்திடம் சொல்லி நிறுத்துவாய் என்று திரும்பத் திரும்ப எழுதினேன்.'

'ஏன் வாயால் சொல்லவில்லை' என்று நினைத்தீர்களானால், நானும் நினைத்தேன். அடுத்த வரியில் அதுவும் இருந்தது: 'சொல்ல வாயைத் திறந்தால் நீ காதைப் பொத்துவாய்.'

எனக்கு வெறி வந்துவிட்டது. கூடத்துக்குப் போய்த் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். அண்ணன் அலறினான். "எங்க கூட்டிட்டுப் போற அவள? எங்க கூட்டிட்டுப் போற?" காற்றைத் துழாவிக்கொண்டு முன்னால் விழப் பார்த்தான். அண்ணி ஓடிவந்து தொட்டியை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னலிலேயே திரும்ப வைத்தார். அண்ணன் முகம் அடங்கியது. நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"அண்ணி, இது உங்க..." என்று தொடங்கினேன்.

ஆடிக்கொண்டிருந்த இலைகள் எல்லாம் ஒன்றாக நின்றன. சாயங்கால வெளிச்சம் வெளியே இருந்தது. செடியின் நுனி மெல்ல உள்பக்கம், நான் நின்ற பக்கம் திரும்பியது. அண்ணி தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். மறு கையால் தாளை ஜன்னல் கட்டையில் வைத்து எழுதிக் காட்டினார்.

'பேசாதே. கேட்கும்.'

இந்தத் தடவை எனக்குச் சரியாகப் புரிந்தது.