அப்பாவிடம் கொடுத்த மனு

முதல் அறிகுறி கையெழுத்தில்தான் வந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு விவசாயி கொடுத்த மனுவில் அப்பா 'ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழேயே மறுபடி போட்டார். பிறகு இன்னொன்று. ஐந்தாவது கையெழுத்து தாளைத் தாண்டி மேசையில் ஓடியது. அந்த மனிதர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி மாத்தணும் போலக்கீது," என்றார் அப்பா. நானும் நம்பினேன். கண் டாக்டரிடம் அலைந்து இரண்டு வாரத்தை வீணாக்கினோம். உங்கள் வீட்டில் வயதானவர் எழுத்து திடீரென்று மாறினால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அப்பா இரண்டு முறை எம்.பி., ஒரு முறை டில்லியில் மத்திய அமைச்சர். பதவி போய்ப் பல வருடம் ஆகியும் காலையில் மனுவோடு வருகிறவர்கள் குறையவில்லை. பாகூர், வில்லியனூர் பக்கம் அவர் கால் படாத தெரு கிடையாது. எங்கள் வீட்டில்தான் அதிகம் பட்டதில்லை. என் பள்ளி விழா, என் பிரசவம், அம்மாவின் கடைசி நாள், எதற்கும் அவர் இல்லை. இந்தக் கோபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தின் உதவியால் உடலுக்குள் படம் எடுப்பது) பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மூளையில் கட்டி, வேகமாக வளர்கிற வகை.

"இந்த வயசுல ஆபரேஷன் தாங்க மாட்டாரும்மா."

"எவ்ளோ நாளு டாக்டர்?"

"மாசக் கணக்குல பேசலாம். வருஷம்னு எதிர்பாக்காதீங்க."

பேலியேட்டிவ் கேர் (நோயை நீக்க அல்ல, வலியையும் தவிப்பையும் குறைக்கத் தருகிற கவனிப்பு) வீட்டிலேயே கொடுக்கலாம் என்றார். வாரம் இருமுறை அவரே வருவதாகச் சொன்னார். நான் தவளக்குப்பத்தில் கணக்கு டீச்சர். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல்தான், போகட்டும், எனக்கும் அப்பா கிடைத்துவிட்டார்.

எங்கே கிடைத்தார்? நான்கே நாளில் செய்தி பரவிவிட்டது. கேட் முன்னால் கூட்டம். சால்வை, இளநீர், வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீர், விபூதிப் பொட்டலம், தர்காவில் ஓதிய கயிறு, எல்லாம் வந்தன. காரில் வந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஆசையாக, படுத்திருந்தவர் வாயில் இளநீர் ஊற்றிவிட்டார். அப்பாவுக்கு டிஸ்பேஜியா (விழுங்கும் திறன் குறைவது). புரையேறி முகம் நீலமாகிவிட்டது.

கொதித்துப்போனேன். எல்லோரையும் சத்தம் போட்டு வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டினேன்.

"ஒரே ஒரு தபா மூஞ்சிய பாத்துட்டுப் போயிடறோம்மா."

"பாத்தவரிக்கும் போதும். இனிமே நான் பாத்துக்கறேன், கெளம்புங்க!"

அன்றிலிருந்து அப்பா எனக்கு மட்டும்தான். வாயைத் துடைத்தேன். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தேன். மார்பின் (கடும் வலிக்கான மருந்து) சொட்டுகளை எண்ணி நாக்கில் விட்டேன். அவரோ டெலிரியத்தில் (நோயினால் வரும் மனக்குழப்பம்) போய்விட்டார். "ஜனம் நிக்குது, கேட்டத் தொறங்க," என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்.

"அப்பா, நான் மேரிப்பா."

"நல்லதுங்கம்மா. நீங்க எந்த ஊரு?"

பெற்ற அப்பா என்னை வாங்க போங்க என்கிறார். சாவதற்குள் ஒரே ஒரு முறை என்னை அடையாளம் கண்டுவிடட்டும். மாதாவிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "தூக்க மருந்த ஏத்தலாம்மா. ஆனா அதுக்கு முன்னால கேட்ட ஒரு மணி நேரம் தொறந்து பாருங்களேன்," என்றார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திறந்தேன்.

வரிசை ரோடு வரைக்கும் நின்றது. யாரும் தொடக்கூடாது, எதையும் ஊட்டக்கூடாது, போட்டோ கூடாது என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். முன்னால் நின்று ஒழுங்குபடுத்தியவர் அபிஷேகப்பாக்கம் செல்வி அக்கா. அவர் கணவர் சவுதியில் இறந்தபோது, டில்லியில் உட்கார்ந்து போராடி உடலை ஊருக்குக் கொண்டுவந்தவர் அப்பா.

தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். செல்வி அக்கா ஒரு தாளை நீட்டினார். அப்பா வாங்கிப் படித்தார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

"செல்விதான? ஒம் புள்ள இன்னா படிக்குது?"

செல்வி அக்காவை அடையாளம் தெரிகிறது. அடுத்தவரையும், அதற்கடுத்தவரையும் தெரிகிறது. எல்லோர் கையிலும் மனு. இவர்களுக்கு இந்த நேரத்திலும் காரியம்தான் பெரிதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் தெருவுக்குத் தார் ரோடு கேட்டிருந்தார்கள். அந்த ரோட்டை அப்பா எப்போதோ போட்டுக் கொடுத்துவிட்டார். நான் தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். மற்றவையும் அப்படியேதான். அவர் கையெழுத்துப் போடட்டும் என்பதற்காக, என்றோ தீர்ந்த குறைகளைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பின்கட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். செல்வி அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஒங்களல்லாம் தெரியிதுக்கா. என்னத்தான் தெரியல."

"நீ தலமாட்டுல நிக்கற, நர்சுன்னு நெனச்சிக்கினாரு. அவருக்கு மனு குடுத்தாதாம்மா ஆள் தெரியும். வா, எங்கூட வந்து வரிசையில நில்லு."

பிள்ளைகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெற்றுத் தாளோடு கடைசி ஆளாகப் போய் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேண்டாம் என்றேன்.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் எழுதலியேம்மா. பரவால்ல, வாயால சொல்லு. இன்னா கொற?"

"எங்கப்பா வூட்டுக்கு வரணும்."

"எங்க பூட்டாரு?"

"ஊர் ஜனத்தோடவே இருக்காருங்க. நான் சின்ன வயசுல இருந்து காத்துக்கினுக்கறேன்."

"பேர் இன்னா?"

அவர் பெயரையே சொன்னேன்.

தாளை மடியில் வைத்து நீவினார். "தெரியும்மா அந்தாள," என்றார். "மோசமானவன் இல்ல. வூட்ட விட்டுட்டான்." பிறகு பேனாவைக் கேட்டார். நான் தாளைப் பிடித்துக்கொள்ள, எழுதினார். 'உடனே ஆவன செய்யவும்.' கீழே ஒரே ஒரு கையெழுத்து.

"நான் சொன்னேன்னு சொல்லு. நாளைக்கே வந்துருவாரு. அழுவாத போம்மா."

மறுநாள் நினைவு தப்பியது. அதற்கு அடுத்த நாள், பகல் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடித்தபோது மூச்சு நின்றது. என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் ஜனம். பெட்டியிலிருந்து கை எட்டாத தூரத்துக்கு நான் தள்ளப்பட்டுவிட்டேன். இந்த முறை கோபம் வரவில்லை. என்னைப் போலவே அழுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுதான் இருந்தது.

மூன்று மாதம் ஆகிறது. பள்ளிக்குப் போகிறேன். என் உடம்பு மட்டும் இன்னும் அப்பாவின் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மணி நேரம் ஆனால் யாரையோ புரட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. உங்களுக்கும் இப்படி இருக்கலாம். பயப்படாதீர்கள், எனக்கும் இருக்கிறது.

ஐந்து மணி ஆனால் கால் தானாகக் கேட்டுக்குப் போகிறது. ஜனம் வராது, தெரியும். ஆனாலும் திறந்து வைக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே.